வெந்நீர் பாய்லரை எங்கே மாட்டுவது?

கடந்த மார்கழியில் ஓர் இரவு, பத்து மணியைத் தாண்டிய வேளையில், இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். பனியன் நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் பணிபுரிபவர். ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பியவர் குளிக்கச் சென்றிருக்கிறார். வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் தட்டியும் பதில் இல்லாததால் கணவரும் பக்கத்து வீட்டாரும் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே சென்றனர். அவர் தரையில் விழுந்து கிடந்தார்; கைகால்கள் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன.

“இவளுக்கு வலிப்பு நோய் இருக்குதுங்க சார். மூணு மாசத்துக்கு முன்னாடியும் இப்படி வந்துச்சு, மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கா” என்றார் கணவர். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 என்று காட்டியது. இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது. தலையின் ஸ்கேனிலும் குறை ஏதும் தெரியவில்லை.

அப்போது நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “முதல் தடவை வலிப்பு வந்தது எங்கே?”

“அதுவும் பாத்ரூம்லதாங்க.”

“வெந்நீர் எப்படிப் போடுகிறீர்கள்?”

“கேஸ் கீசருங்க. பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருக்குது.”

உடனடியாக முகக்கவசம் வழியே முழு ஆக்சிஜன் கொடுத்து, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு கலந்துள்ளது என்று பரிசோதித்தோம். அளவு மிக அதிகமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வலிப்பு நோய் இல்லை. குளியலறைக்குள் எரிந்த நெருப்பு அவருடைய மூளைக்குச் சேர வேண்டிய ஆக்சிஜனைத் தடுத்திருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்குப் புறப்படும் நாளில் அவருடைய கணவர் என்னிடம் கேட்டார்: “அப்போ அதை எங்கே மாட்டறதுங்க சார்?”

அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

தீயும் மூச்சு விடுகிறது

நெருப்பு எரியக் காற்று தேவை என்பது பள்ளிப் பருவத்திலேயே நாம் கற்ற செய்தி. எவ்வளவு காற்று தேவை என்பதைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சாதாரண கேஸ் கீசரை எடுத்துக்கொள்வோம். தொட்டித் தண்ணீரின் வெப்பத்தை ஏறத்தாழ 25 டிகிரி உயர்த்த, அது சமையலறை அடுப்பின் பெரிய பர்னர்கள் நான்கைந்தை ஒரே நேரத்தில் எரிப்பதற்கு இணையான வெப்பத்தைத் தர வேண்டும். பத்து நிமிடத்தில் அது எரிக்கும் எரிவாயு தோராயமாக 160 கிராம். அந்த 160 கிராம் முழுமையாக எரிய ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று தேவைப்படும். அமைதியாக இருக்கும் ஒரு மனிதர் அதே பத்து நிமிடத்தில் உள்ளிழுக்கும் காற்று சுமார் 80 லிட்டர்தான்.

4 அடி அகலம், 6 அடி நீளம், 8 அடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்று 5,400 லிட்டர் அளவே. கதவும் ஜன்னலும் அடைக்கப்பட்டிருந்தால், பத்து நிமிடக் குளியலில் அந்த அறையின் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதன் ஆக்சிஜனைத் தீயே எடுத்துக்கொண்டுவிடும். குளிர்காலத்தில் பனிக்கும் கொசுவுக்கும் அஞ்சி வென்டிலேட்டரை அட்டையாலோ பிளாஸ்டிக் தாளாலோ அடைத்துவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆபத்து மார்கழியிலும் தையிலும் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக்சிஜன் போதாதபோது எரிவாயு அரைகுறையாக எரிகிறது. அவ்வாறு எரியும்போது உண்டாவதே கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலோ இருமலோ இல்லை. சமையல் எரிவாயுவில் நாம் உணரும் துர்நாற்றம், கசிவை அறிவதற்காகச் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருளின் வாசனை. எரிவாயு எரிந்துவிட்டால் அந்த வாசனையும் இராது. ஆகவே “நாற்றம் வரவில்லையே, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது” என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை.

இரத்தத்தில் நிகழ்வது என்ன?

நுரையீரலிலிருந்து உடலெங்கும் ஆக்சிஜனைச் சுமந்துசெல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதனுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் ஒட்டிக்கொள்கிறது. எனவே காற்றில் மிகச் சிறிய அளவே கலந்திருந்தாலும் இரத்தத்தில் சிறுகச் சிறுக இடம் பிடித்துவிடும். மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனையும் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காதபடி ஹீமோகுளோபினை மாற்றிவிடும். முதலில் பாதிக்கப்படுபவை ஆக்சிஜனை அதிகம் வேண்டும் உறுப்புகளான மூளையும் இதயமும்.

தொடக்கத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால்கள் துவளுதல் ஆகியவை தோன்றும். நச்சு மேலும் ஏறினால் மனக்குழப்பம், மயக்கம், வலிப்பு, மரணம் வரை செல்லும். ஆபத்தை உணர்ந்து எழுந்து கதவைத் திறக்க முயலும்போது கால்கள் ஒத்துழைக்காமல் போவதே இந்த நச்சின் கொடுமை. கருவுற்ற தாய்மார்கள், குழந்தைகள், இதய நோயாளிகள், இரத்தச்சோகை உள்ளவர்கள் ஆகியோர் குறைந்த அளவிலேயே பெரும் பாதிப்புக்கு உள்ளாவர்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இங்கே நம்மை ஏமாற்றும். ஹீமோகுளோபினுடன் சேர்ந்திருப்பது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடா என்று சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. ஆகவே நச்சேறிய நோயாளிக்கும் அது 98 என்று காட்டக்கூடும். கொரோனா காலத்தில் வாங்கிய அக்கருவி இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதில் தெரியும் எண்ணை நம்பி மருத்துவமனைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

குளியலறையில் வரும் வலிப்பெல்லாம் வலிப்பு நோய் அல்ல

தென்னிந்தியாவில் ‘வெந்நீர் வலிப்பு’ என்றொரு நோய் உண்மையிலேயே உண்டு. தலையில் சூடான நீரை ஊற்றும்போது சிலருக்கு வலிப்பு தூண்டப்படுகிறது. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் இது பரவலாகப் பதிவாகியுள்ளது. இதனால் குளிக்கும்போது ஒருவர் விழுந்தால், மருத்துவர்களும் சில வேளைகளில் இந்த நோயையே முதலில் நினைத்துவிடுவர்.

ஆகவே குளியலறையில் எவரேனும் மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ, அங்கு கேஸ் கீசர் உள்ளதா, அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சிகிச்சையின் திசையையே மாற்றும். அதே சமயம், இக்கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே உட்கொண்டுவரும் வலிப்பு மாத்திரைகளைத் தாமாக எவரும் நிறுத்தக் கூடாது. அந்த முடிவை மருத்துவருடன் கலந்தே எடுக்க வேண்டும்.

சாயப்பட்டறை பாய்லரும் வீட்டு பாய்லரும்

நம் ஊரில் பாய்லர் என்ற சொல் புதிதன்று. சாயப்பட்டறைகளிலும் துணியைப் பதப்படுத்தும் ஆலைகளிலும் நீராவிக்காக பாய்லர்கள் இயங்குகின்றன. அவற்றுக்கு 1923-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருந்துவந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. ஆலை பாய்லரைப் பதிவு செய்ய வேண்டும். குறித்த காலத்தில் ஆய்வு செய்து சான்றிதழ் பெற வேண்டும். புகை உயரமான புகைபோக்கி வழியே வெளியேற வேண்டும். அதை இயக்குபவருக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும்.

அத்தகைய ஆலையில் பகலெல்லாம் பணிபுரிந்துவிட்டு வீடு திரும்பும் நாம், புகைபோக்கியே இல்லாத ஒரு பர்னரை மூடிய சிற்றறைக்குள் மாட்டி, அதன் கீழ் நின்று குளிக்கிறோம். அதை மாட்டும் இடத்தைப் பெரும்பாலும் பிளம்பரின் வசதியே தீர்மானிக்கிறது.

நம் பாட்டி காலத்துக் கொங்கு நாட்டு வீடுகளில் வெந்நீர் அடுப்பு புழக்கடையில் இருந்தது. தீ வெளியே எரிந்தது, நீர் மட்டுமே உள்ளே வந்தது. வீடுகள் சுருங்கியபோது நெருப்பும் உள்ளே வந்துவிட்டது.

பிரிட்டனில் ஏராளமான வீடுகளில் எரிவாயு பாய்லர் உள்ளேயே இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அங்கே புதிதாகப் பொருத்தப்படும் பாய்லர்கள் மூடிய அமைப்பு கொண்டவை. ஒரு குழாய் வழியே வெளிக்காற்றை எடுத்து எரித்து, புகையை மற்றொரு குழாய் வழியே வெளியே தள்ளும். அறைக் காற்றை அவை தொடுவதில்லை. இத்தகைய மூடிய அமைப்பு இல்லாத எரிவாயுக் கருவியைக் குளியலறையில் பொருத்தக் கூடாது என்று அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. நம் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கீசர்கள் பெரும்பாலும் அறைக் காற்றையே எடுத்து, அறைக்குள்ளேயே புகையை விடுபவை.

புகைக்குழாய் இருந்துவிட்டாலும் கவலை முற்றிலும் தீர்ந்துவிடாது. பிரெஞ்சு எழுத்தாளர் எமிலி ஸோலா 1902-இல் பாரிசில் தம் வீட்டுப் படுக்கையறையில் இறந்தார். கணப்படுப்பின் புகைபோக்கி அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிறைந்ததே காரணம். நம் ஊரில் அணிலும் குருவியும் குளவியும் குழாய்களுக்குள் கூடு கட்டும். புகைக்குழாய் உள்ள கருவியானால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள்

முதற்கேள்வி: தீ எங்கிருந்து காற்றை எடுக்கும்? 
விடை, திறந்த வெளியிலிருந்து. குளியலறையின் வெளிச்சுவர், புழக்கடை, திறந்த பால்கனி, மொட்டைமாடியின் பக்கச்சுவர் ஆகியவை ஏற்ற இடங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வர வேண்டும். குளியலறை, படுக்கையறை, கழிப்பறை, அலமாரி, படிக்கட்டின் அடிப்பகுதி ஆகியவற்றில் மாட்டவே கூடாது. ‘ஜன்னல் இருக்கிறதே’ என்பது போதிய விடையன்று. ஜன்னலை மூடுவது ஒரு நொடி வேலை.

இரண்டாம் கேள்வி: புகை எங்கே போகும்? 
கார்பன் மோனாக்சைடு தரையில் தங்குவதில்லை. காற்றோடு கலந்து சூடான புகையுடன் மேலெழும். எனவே கீசருக்கு நேர் மேலேயோ அருகிலோ குளியலறை வென்டிலேட்டரோ, மாடி வீட்டாரின் ஜன்னலோ இருத்தல் கூடாது. நான்கு பக்கமும் சுவர் சூழ்ந்த குறுகிய ஓ.டி.எஸ். சந்து மேலே திறந்திருந்தாலும் ஏற்றதன்று. அங்கே தேங்கும் புகை எல்லா வீட்டு ஜன்னல்களுக்குள்ளும் நுழையும். குளியலறையில் எக்ஸாஸ்ட் மின்விசிறி உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது உள்காற்றை வெளியே தள்ளும்போது, வேறு இடுக்குகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்த இடுக்குக்கு அருகில் கீசர் இருந்தால் அதன் புகையும் சேர்ந்தே உள்ளே வரும். சுவரில் குழாய் நுழையும் துளையைச் சுற்றிச் சிமென்ட் பூசி அடைத்துவிடுங்கள்.

மூன்றாம் கேள்வி: எரிவாயு கசிந்தால் எங்கே தேங்கும்? 
சிலிண்டரில் உள்ள எரிவாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தைத் தேடி ஓடும். ஆகவே சிலிண்டரைத் தரைமட்டத்திற்குக் கீழான அறையிலோ, பள்ளத்திலோ, சாக்கடைத் திறப்புக்கு அருகிலோ வைக்கக் கூடாது. எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். கீசரின் நேர் கீழே வைக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர் குழாயையே பயன்படுத்தி, அதில் அச்சிட்டுள்ள காலக்கெடுவுக்குள் மாற்றிவிடுங்கள். சுவரைக் கடந்து செல்ல வேண்டுமானால் அந்தப் பகுதிக்கு உலோகக் குழாய் தேவை. ரப்பர் குழாயைச் சுவருக்குள் மறைக்கக் கூடாது.

வெளியே மாட்டச் சொல்லும்போது நான் வழக்கமாகக் கேட்கும் மறுப்புகள் இரண்டு. ‘மழையில் நனையும்’ என்பது ஒன்று. கீசருக்கு மேல் சிறு ஸன்ஷேடு போதும், பெட்டி போல மூடிவிடாதீர்கள். பால்கனியில் மாட்டிய பிறகு, அந்தப் பால்கனியைக் கண்ணாடியாலோ தகரத்தாலோ அடைத்தால் அது மீண்டும் ஓர் அறையாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘குழாய் நீண்டால் தண்ணீர் ஆறிவிடும்’ என்பது மற்றொன்று. முதலில் வரும் ஓரிரு குவளை குளிர்ந்த நீரை வாளியில் பிடித்துக்கொள்ளலாம். குழாயின் மேல் வெப்பம் காக்கும் உறை சுற்றலாம்.

சுடரையும் கவனியுங்கள். நல்ல எரிதலில் அது நீலமாக இருக்கும். மஞ்சள் சுடரும், கருவியின் மேல் படியும் கரியும் அரைகுறை எரிதலின் அடையாளங்கள். ஆயினும் நீலச் சுடர் இருப்பதால் உள்ளே மாட்டலாம் என்று பொருளில்லை. கடைகளில் விற்கும் எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவியும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வெவ்வேறானவை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

வாடகை வீட்டிலும் லைன் வீட்டிலும்

நம் பகுதியில் பலர் ஒற்றை அறை வீடுகளிலும், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலும் வசிக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமான வெளிச்சுவரே இருப்பதில்லை. வீட்டு உரிமையாளர்கள் இதைப் படிப்பார்களானால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெளிச்சுவரில் ஒரு துளையிட அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள்.

திறந்தவெளியில் இடமே இல்லையெனில், கேஸ் கீசர் வேண்டாம் என்பதே சரியான முடிவு. நல்ல நில இணைப்பும், மின்கசிவைத் தடுக்கும் பாதுகாப்பு சுவிட்சும் உள்ள இடத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற மின்சார கீசரைப் பொருத்தலாம். மொட்டைமாடி உள்ள கட்டடத்தில் சூரிய வெந்நீர்க் கலன் அமைக்கலாம். எதுவும் இயலாதவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையலறை அடுப்பில் நீரைக் காய்ச்சி எடுத்துச் செல்வதும் தாழ்ந்த வழி அன்று.

ஏற்கெனவே உள்ளே மாட்டியிருப்பவர்கள் இன்றே அதைப் பயன்படுத்துவதை நிறுத்துவதே நல்லது. மாற்றும் வரை வேறு வழியில்லையெனில், கதவையும் ஜன்னலையும் முழுதும் திறந்து, வெளியே நின்றபடி வாளியை நிரப்புங்கள். கீசரை அணைத்து, சிலிண்டரை மூடி, அறை நன்கு காற்றாடிய பின்னரே குளிக்கச் செல்லுங்கள். குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராகக் குளிக்கும் வீட்டில், கடைசியாகச் செல்பவருக்கே ஆபத்து அதிகம். நம் வீடுகளில் கடைசியாகக் குளிப்பவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவர் மயங்கி விழுந்தால்

கதவைத் திறந்து, எரிவாயுவை மூடி, அவரை உடனே திறந்தவெளிக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே செல்பவரும் மயங்கக்கூடும். ஆகவே தனியாகச் செல்லாமல் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். எரிவாயு நாற்றம் இருந்தால் மின் சுவிட்சுகளைத் தொடாதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பைத் திணிப்பதும் வாயில் நீர் புகட்டுவதும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால், பயிற்சி பெற்றவர் மார்பை அழுத்தி முதலுதவி தரலாம். எரிவாயுக் கசிவு குறித்துப் புகார் செய்ய 1906 என்ற எண் உள்ளது.

வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு வருவது அவசியம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், இரத்தத்திலுள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும். நேரம் மூளைக்கு விலைமதிப்பற்றது. மேலும், முற்றிலும் குணமானதாகத் தோன்றியவருக்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதி, மனநிலை மாற்றம், நடையில் தடுமாற்றம் ஆகியவை தலைகாட்டலாம். ஆகவே வீடு திரும்பிய பின்னும் சொல்லப்பட்ட நாளில் மறுபரிசோதனைக்கு வர வேண்டும்.

அந்தப் பெண் ஆறு வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். நினைவாற்றலும் நடையும் நன்றாக இருந்தன. கணவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வீட்டின் பின்சுவரில், சிறு தகரக் கூரையின் கீழ், திறந்தவெளியில் கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் மட்டும் சுவருக்குள் சென்றது.

“ஒரு நாள் வேலைதாங்க சார்” என்றார்.